அவனையும் அனுப்பு, முருகா

முருகனை நம்பும் அன்பர்களுக்கு இந்தப் பத்திரிகை வழியாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால் அவன் செய்த உதவியை மறைத்தவன் ஆவேன்.

1961-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். மெக்ஸிகோ தேசத்தில் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன், பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதில் தேறாவிட்டால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும். மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். எங்கள் பொன்னமராவதியில் மாலை போட்டு, மேளம் வைத்து, பஸ் ஏற்றிவிட்ட ஜனங்களின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எல்லாம் என் வயிற்றெரிச்சலால் வந்தது.

விவசாயப் படிப்புக்காக எங்கள் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து இரண்டு பேரை சர்க்கார் அனுப்பியது. ஒருவன் நான், சுப்பையா. இன்னொருவன் ஆவுடையார்கோவில் நடேசன். அங்கே வகுப்பு முழுவதும் ஸ்பானிய மொழியில்தான். நடேசனுக்கு மூன்றே மாதத்தில் அந்தப் பாஷை வந்துவிட்டது. வாத்தியார் கேள்வி கேட்டால் முதல் கை அவன் கைதான். கூடப் படிக்கிறவர்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். விடுதிச் சமையற்கார அம்மாள் அவன் தட்டில் மட்டும் ஒரு சோள ரொட்டி கூடுதலாக வைப்பார். அந்த ரொட்டியைக்கூட நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்றால் பாருங்கள்.

தெரியாத வார்த்தையை அவனிடம் கேட்டால் சொல்லியிருப்பான். கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவனும் வயல்காட்டுப் பிள்ளை, நானும் வயல்காட்டுப் பிள்ளை. இவனிடம் போய்ப் பாடம் கேட்பதா? நானாகவே அர்த்தம் கட்டிக்கொண்டேன். அந்த ஊரில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட 'வேங்க' என்பார்கள். அடடா, இது நம் 'வாங்க' அல்லவா என்று பூரித்துப்போனேன். அப்படியானால் அவர்கள் சொல்லும் 'போங்க', நம் 'போங்க'வாகத்தானே இருக்க வேண்டும்! நடேசனுக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று கர்வம் வேறு.

பரீட்சை அன்று கேள்விகள் ஓரளவு புரிந்தன. ஆனால் கண் நடேசன் பக்கமே போனது. காப்பி அடிக்க இல்லை, சத்தியமாக. அவன் எத்தனை பக்கம் எழுதிவிட்டான் என்று பார்க்கத்தான். நாலாவது பக்கத்தைத் திருப்பினான். எனக்கு நெஞ்சு காந்தியது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் என் பெஞ்சுக்கு வந்தார். என் தாளை விரலால் தட்டி, "போங்க" என்று ஆரம்பித்து மளமளவென்று ஏதோ சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. எட்டிப் பார்த்து எழுதுகிறேன் என்று வெளியே போகச் சொல்கிறார்! எழுந்து போய்விட்டேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டதுகூட என் காதில் ஏறவில்லை.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியில் இருந்த விராலிமலை முருகன் படத்தை எடுத்து மேஜையில் சாத்தி வைத்தேன். "காப்பாற்று முருகா" என்று வேண்டினேன். அப்போது பார்த்து, கீழே தோட்டத்தில் நடேசன் சிரிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. அவ்வளவுதான், வேண்டுதல் தடம் மாறிவிட்டது. "என்னை ஊருக்கு அனுப்பினால் அவனையும் அனுப்பு, முருகா. அவனையும் அனுப்பு." கண்ணீர் விட்டுக் கேட்டேன். என் பிழைப்புக்குக்கூட நான் அப்படி உருகியதில்லை.

அழுதுகொண்டிருக்கும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நடேசன்.

"ஏப்பா, ரெண்டு நாளா வெளியில ஆளையே காணோம். பரீட்சையில ஏன் எந்திரிச்சுப் போனே? ஒடம்பு சரியில்லையா?"

"வாத்தியார்தானே போங்கன்னாரு!"

கட்டிலில் விழுந்து சிரித்தான்.

"அட கூறுகெட்டவனே! அது நம்ம போங்க இல்லப்பா. இவங்க பாஷையில 'போங்க'ன்னா போடுங்கன்னு அர்த்தம்! தாள்ல ஒம் பேரு இல்ல. பேரைப் போடுங்கன்னுதான் சொன்னாரு, எங்காதுலயும் விழுந்துச்சு. எந்திரி, இப்பவே போயி அவருகிட்டச் சொல்லுவோம். மொதல்ல மூஞ்சியக் கழுவு."

வாத்தியாரிடம் எனக்காக அவன்தான் பேசினான். நம் பாஷையில் 'போங்க' என்றால் என்னவென்று, வாசல் பக்கம் கையைக் காட்டி நடித்தும் காட்டினான். வாத்தியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலே கேட்டு அனுமதி வாங்கி, வேறு கேள்வித்தாள் கொடுத்துத் தம் அறையிலேயே எழுத வைத்தார். முதல் காரியமாகப் பேரைப் போட்டேன். தேறிவிட்டேன். நடேசனைவிடப் பதினொரு மார்க் குறைவு. அதுவும் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவனையும் அனுப்பு என்று அழுதேனே, முருகன் அனுப்பிவிட்டான். என் அறை வாசலுக்கே அனுப்பிவிட்டான். அது விளங்கிய அன்று நான் கூனிக் குறுகிப் போனேன்.

ஊர் திரும்பியதும் விராலிமலை ஏறி, அந்தக் கோவில் வழக்கப்படி முருகனுக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட்டேன். இப்போது இருவருக்குமே உத்தியோகம். அவனுக்கு ஜீப், எனக்கு சைக்கிள். பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது என்பார்கள். அந்த ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் வயிறு லேசாகக் காந்தும். காந்தும்போதெல்லாம் முதலில் அவன் பேருக்கு ஒரு வேண்டுதல், அப்புறம்தான் என் பேருக்கு. அதற்கு முன் நான் அடுத்தவருக்காக எதுவும் கேட்டவன் இல்லை.

அன்பர்களே, மனம் சுத்தமாகட்டும், பிறகு சாமியிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அழுக்கோடேயே போய் நில்லுங்கள். கேட்கத் தெரியாமல் கேட்ட எனக்கே கொடுத்தவன் அவன்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அன்று நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை நடேசனிடம் இதுவரை சொன்னதில்லை. நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவன் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். நடேசா, நீ வந்து கதவைத் தட்டியபோது உனக்குக் கெடுதல் கேட்டுத்தான் நான் அழுதுகொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகும் மனம் இருந்தால், ஒரு நாள் என் வீட்டுக்குச் சாப்பிட வா.