ராசப்பனின் இடது பக்கம்

"மேற்படி நபரை நேரில் பரிசோதித்தேன். இரு கண்களிலும் பார்வை ஆறுக்கு ஆறு. கனரக வாகனம் ஓட்ட முழுத் தகுதி உடையவர்." ராசப்பனின் மருத்துவச் சான்றிதழ் இப்படித்தான் சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் கண்ணைச் சுருக்கித் தடுமாறும், பரிசோதனை அட்டையின் கடைசி வரிப் பொடி எழுத்துகளைச் சந்தையில் விலை கூவுவதுபோல வாசித்துவிட்டு, "இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லைங்களா?" என்று கேட்டவர் அவர். அதே ராசப்பனுக்கு, தட்டுக்கு இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பு தெரியாது.

அதைத் தட்டிவிடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. "சோறு உங்கறப்ப நெனப்பெல்லாம் எங்கீங்க இருக்குது?" என்று மனைவி அன்புக்கரசி துடைத்துத் துடைத்துச் சலித்து, கடைசியில் சொம்பை வலப்பக்கம் வைத்தாள். வீட்டில் அந்த வியாதி அதோடு குணமாகிவிட்டது.

காங்கேயம் தாராபுரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டினார் ராசப்பன். அவருடைய அப்பா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிலபுலம் உள்ள தோட்டக்காரர் முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவர். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அதே தோட்டக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். அவர் ஹாரன் அடித்தால் ரோட்டில் ஒதுங்கவும் செய்தார்கள். தம் தெருவில் இதைவிடப் பெரிய மாற்றம் யாருக்கும் வாய்க்கவில்லை என்று அவர் நினைத்தார். நினைத்ததில் தப்பில்லை.

இடப்பக்கம் தெரியாதவர் எப்படி பஸ் ஓட்டினார் என்றால், ஓட்டியது இரண்டு பேர். கண்டக்டர் மாரப்பன் முன்படியில் தொங்கிக்கொண்டு, "வரலாம், வரலாம்... ஹோல்டான்! லெப்ட்ல ஆடு போகுது... போலாம் ரைட்!" என்று கத்திக்கொண்டே வருவான். எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதான். ஆகவே ராசப்பனின் இடது கண் செய்யவேண்டிய வேலையை அவர் காது செய்துவந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை, ராசப்பன் உட்பட.

போன தை மாதம் முதலாளி பிரவின்குமார் பஸ்ஸுக்குக் காற்றழுத்தத்தில் மூடித் திறக்கும் கதவு போட்டார். படியில் தொங்கி யாரும் விழக்கூடாதல்லவா, பாதுகாப்பு. மாரப்பன் உள்ளே போய்விட்டான். பாதுகாப்பு வந்த கொஞ்ச நாளிலேயே பஸ், தேங்காய் மூட்டையோடு போன ஒரு மொபெட்காரரைத் தட்டியது. முழங்கை உடைந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"ஏப்பா, கண்ணு பொட்டையா உனக்கு?"

"சத்தியமா அங்க யாருமே இல்லீங்க!" என்றார் ராசப்பன்.

கூட்டம் சிரித்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக எதையும் சொன்னதில்லை.

கோயமுத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் அவரை ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நேராகவே பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சப் புள்ளி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். புள்ளி வரவே இல்லை. "மிஷின் ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள நீர் ஊறிட்டே இருக்குமுங்க. ஊறறது வடியவும் வேணும். வடிகால் சரியில்லைன்னா அழுத்தம் கூடும், மூளைக்குப் போற நரம்பு கொஞ்சங் கொஞ்சமாச் செத்துரும். வலிக்காது. ஓரத்துப் பார்வைதான் முதல்ல போகும், நடுப்பார்வை கடைசி வரைக்கும் நிக்கும். அட்டை படிக்கறது நடுப்பார்வைலதானுங்க."

"ஓரத்துல இருட்டா ஒண்ணும் தெரியலீங்களே?"

"தெரியாதுங்க. இல்லாத எடத்தை மூளையே ரொப்பிப்போடும். காலி ரோடுன்னு காட்டும்."

செத்த நரம்பு பிழைக்காது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார். ராசப்பனுக்குக் கண்மீது கோபம் வரவில்லை. கல்யாணத் தரகன்போல இல்லாததையெல்லாம் இருக்கிறது என்று இத்தனை காலம் சொல்லிவந்த தன் மூளைமீதுதான் வந்தது.

பிரவின்குமாரிடம் போய்ச் சொன்னார். அவர் சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தார்.

"ஆறுக்கு ஆறுன்னு எழுதியிருக்குதுங்களே, ராசப்பண்ணா?"

"அது நடுவு மட்டும் பாக்கறதுங்க."

"ரோடு நடுவுலதானுங்களே இருக்குது? முகூர்த்த மாசம். வேற ஆள் கெடைக்கட்டும், அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்க."

"கண்ணு தெரியலையாமா! வேற கம்பெனில கூப்புட்டிருப்பாங்க, அண்ணன் நாடகம் போடறாரு" என்று சிரித்தான் மாரப்பன். அன்புக்கரசி சிரிக்கவில்லை. "வண்டிய உட்டுப்போட்டு என்னங்க பண்றது? மறுபடியும் அவிய தோட்டத்துல போயி நிக்கறதுங்களா?" என்றாள். மறுநாள் காலையில் பஸ்ஸை எடுத்தார்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் கோழிபோலக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். தாராபுரத்துக்குப் பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில் பெண் ஒருத்தி கூடையோடு இறங்கினாள். கதவு மூடியது. கூட்டத்துக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மாரப்பன், போகலாம் என்று இரண்டு விசில் கொடுத்தான். ராசப்பனுக்கு இடப்பக்கம் சுத்தமான காலி ரோடு தெரிந்தது. கியரைப் போட்டவர், நகர்த்துமுன் எதற்கோ இடுப்போடு திரும்பி எட்டிப் பார்த்தார். முன் சக்கரத்தை ஒட்டி அவள் குனிந்து, சிதறிய தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பொறுக்கி முடித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். பஸ் போகவில்லை.

"ஏனுங்க டிரைவரு, முகூர்த்தம் போயிருமுங்க!" என்று பட்டுச்சேலைகள் கத்தின. தோட்டத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "இவனுக கைல ஸ்டியரிங்கக் குடுத்தா இப்பிடித்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

ராசப்பனுக்கு வேலை போயிற்று. ஆள்களை நடுவழியில் விட்டுப் போனவர் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. சான்றிதழ் மட்டும் இன்னும் செல்லும்.

அன்று அவர் எஞ்சினை அணைத்தார், சாவியை மாரப்பன் கையில் கொடுத்தார், வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கிக் காங்கேயத்துக்கு நடந்தார்.