பிசிறக்கா வெட்டிய நூல்

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். பிசிறக்கா என்றால் வாட்ச்மேன்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. தைத்து வரும் சட்டையை டியூப் லைட்டுக்குக் கீழே விரிப்பாள், காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை கண்ணை ஓட்டுவாள், நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் நறுக்கென்று வெட்டுவாள். தையல் கோணலா, தயவு தாட்சண்யமே கிடையாது, சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். முதுகுக்குப் பின்னால் 'மகாராணி' என்பார்கள். அவளுக்கும் அது தெரியும், காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்பேர்ப்பட்ட கண்ணுக்குத் தப்பி, அவளுடைய இடது மார்பிலேயே ஒரு கட்டி எத்தனை மாதம் குடியிருந்ததோ! ஒருநாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். சாதாரணக் கட்டிதான், ஆனால் வளர்கிறது, எடுத்துவிடுவோம் என்றார் டாக்டரம்மா. எடுத்துத் தைத்து, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது நர்ஸ் ஒரு பாட்டம் சொல்லி அனுப்பினாள். "ரெண்டு நாள் தண்ணி படக்கூடாது. அப்புறம் குளிக்கலாம், தேய்க்காம ஒத்தி எடுங்க. பாடி போட்டே தூங்குங்க, மார்பு ஆடக்கூடாது. கனமா எதையும் தூக்காதீங்க. தையல்ல மட்டும் கை வைக்காதீங்கம்மா, நூல் தானாக் கரையும். கண்ணாடியில உங்களுக்குச் சரியாத் தெரியாது, தினம் யாராவது பார்க்கணும். செவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே வாங்க."

யாராவது என்றால் யார்? பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் எப்பேர்ப்பட்ட நெரிசலிலும் வண்டியை நுழைத்துவிடுவார், துளி ரத்தம் கண்டால் நாற்காலியைத் தேடுவார். அவர் தன் தங்கைக்குப் போன் போட்டார். அவளும் தன் பை தைக்கும் கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டு ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அங்கேதான் சிக்கல். நாத்தனாரும் ஒரு காலத்தில் அதே கம்பெனியில் தைத்தவள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் தைத்த மூன்று கட்டு, முப்பத்தாறு சட்டையையும் பிசிறக்கா ஒட்டுமொத்தமாகத் திருப்பி அனுப்பினாள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவளைக் கிழிகிழியென்று கிழித்தார். அடுத்த மாதமே அவள் வேலையை விட்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன் அண்ணி" என்பதோடு சரி.

"காட்டுங்க அண்ணி, பார்க்கிறேன்" என்று தினமும் அவள் கேட்டாள். "நானே பார்த்துக்கிறேன்" என்று தினமும் பிசிறக்கா குளியலறைக் கதவைச் சாத்தினாள்.

ஆறாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று பஞ்சை எடுத்துப் பார்த்தாள். சுற்றிலும் மஞ்சளும் நீலமுமாய்க் கன்றியிருந்தது. கன்றல் இருக்கும், போய்விடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். தையலோ சீராக இருந்தது. டாக்டரம்மாவைப் பாஸ் போடலாம் என்று நினைத்தபோதுதான் அதைப் பார்த்தாள். ஓரத்தில் சின்ன முடிச்சு, அதிலிருந்து கால் அங்குல நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

கை சும்மா இருக்குமா? இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. நர்ஸ் சொன்னது ஒரு காதில் நுழைந்து எப்போதோ மறு காதில் போய்விட்டது. இரண்டு விரலால் நூலை இழுத்துப் பிடித்தாள், கத்தரியை எடுத்தாள், முடிச்சோடு சேர்த்து ஒரே வெட்டு. அப்பாடா என்று இருந்தது.

இரண்டு நாளில் பஞ்சு ஈரமானது. தையலின் ஓரம் வாய் திறந்திருந்தது, சுற்றிலும் சிவப்பு. வெட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. புண் உள்ளே வரைக்கும் பிரிந்துவிட்டதா? மறுபடி கத்தி வைப்பார்களா? ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் முதலில் நாத்தனாரிடம் அல்லவா சொல்ல வேண்டும்! நூல் வெட்டுவதில் நானே தப்புப் பண்ணிவிட்டேன் என்று, போயும் போயும் அவளிடமா? பஞ்சைத் தடிமனாக வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏன் அண்ணி கையத் தூக்கவே மாட்டேங்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, போ."

மறுநாள் காலையில் உடம்பு கணகணவென்றிருந்தது. பல் துலக்கும்போதே குளிரெடுத்தது. குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கத் தைரியம் வரவில்லை. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது, பயம் மறு பக்கம். பயம்தான் ஜெயித்தது.

"இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டாள்.

நாத்தனார் வந்து குனிந்து பார்த்தாள். அவளும் தையல்காரிதானே, நூல் அறுந்ததா வெட்டியதா என்று தெரியாதா?

"அண்ணி, இத யாரோ வெட்டியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ. நான்தான்."

இப்போது வரும், நாலு வருடத்துப் பாக்கி மொத்தமும் வரும் என்று பிசிறக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வந்தது சிரிப்பு. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. "ஐயோ அண்ணி, உங்க உடம்புலயுமா பிசிறு வெட்டுவீங்க!" என்றவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பை விட்டாள். "சுடுதே! கிளம்புங்க, இப்பவே."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உற்றுப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு முடிச்சு இருக்கணுமே, எங்க?" என்றாள்.

"துணியில மாட்டி இழுத்துடுச்சு போல சிஸ்டர்" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

பிசிறக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தனக்காக அவள் பொய் சொல்வாள் என்று கனவிலும் நினைத்ததில்லை. அது சுருக்கென்று தைத்தது.

"இல்ல சிஸ்டர். நானேதான் கத்தரியால வெட்டினேன்."

நர்ஸ் விட்டாள் ஒரு டோஸ். அதற்குள் டாக்டரம்மா வந்து அழுத்திப் பார்த்தார். மேல்தோல்தான் பிரிந்திருக்கிறது, உள்தையல் கெட்டியாக இருக்கிறது, கிருமி இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்றார். ஒரு வாரம் மாத்திரை, தினமும் கட்டு மாற்ற வேண்டும்.

"திரும்ப ஒரு தையல் போட்டுடுங்களேன் டாக்டர்?"

"மூடித் தைச்சா கிருமி உள்ளேயே தங்கிடும். அடியிலிருந்து அதுவே வளர்ந்து மூடட்டும். தழும்பு கொஞ்சம் அகலமா இருக்கும், அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் ஜன்னல் ஓரமாகப் படுத்தாள், இடது கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டாள். நாத்தனார் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, பழைய பஞ்சை நனைத்து வலிக்காமல் எடுத்தாள்.

"செவப்பு கொஞ்சம் இறங்கியிருக்கு அண்ணி."

பிசிறக்கா கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கு அந்த முப்பத்தாறு சட்டை. ஒரு கட்டுதான் பார்த்தேன். அதுல நாலு சட்டை தப்பு. ஏதோ எரிச்சல்ல இருந்தேன். மத்த ரெண்டு கட்டையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன்."

நாத்தனாரின் கை நின்றது, திரும்பவும் ஓடியது.

"தெரியும் அண்ணி. கட்டு மேல நான் போட்ட முடிச்சு அவிழ்க்காமலே வந்துச்சு."

"தெரிஞ்சுமா எனக்குச் செய்ய வந்தே?"

"அண்ணன் கூப்பிட்டாரு, வந்தேன். கோவம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க, இன்னும் இருக்கு. அழாதீங்க, உடம்பு ஆடுது. பிளாஸ்டர் நேரா ஒட்ட வேண்டாமா?"

பிசிறக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் படுத்திருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்குக் காதில் இறங்கியது.