பன்றித் தலையன் படம் ஓடிய அன்று

எழுபதுகளில் குமணன்சாவடி டூரிங் டாக்கீஸ் ஒன்றில் நான் ஆபரேட்டராக இருந்தேன். ஒருமுறை, வயது வந்தவர்களுக்கு மட்டுமான வெளிநாட்டுப் படம் ஒன்று வந்தது. போஸ்டரில் ஒரு பெண்ணின் வெற்று முதுகு. அதை நம்பிக் கூட்டம் அலைமோதியது. படத்திலோ பன்றித் தலை கொண்ட ராஜா ஒருவன் மனிதர்களைத் தின்றான். செத்தவர்களின் வாயிலிருந்து காக்கைகள் பறந்தன.

இடைவேளை தாண்டியும் அந்த முதுகு வரவில்லை.

"ஆபரேட்டரு சீனை வெட்டிக்கினான்டா!" என்று ஒருவன் கத்தினான். ஆபரேட்டர்கள் எல்லோருமே திருடர்கள் என்பது அன்றைய ரசிகர்களின் முடிவு. பெஞ்சுகள் பறந்தன. மேடையேறித் திரையைக் கிழித்தார்கள். தடுக்கப்போன டிக்கெட் கிழிப்பவரை அங்கேயே தள்ளி மிதித்தார்கள். பதற்றத்தில் நான் மெஷினை நிறுத்தவில்லை. திரை இல்லாததால், மிதித்தவர்கள் மேலேயே படம் ஓடியது. ஒருவரின் வெள்ளைச் சட்டையில் பன்றி வாய் திறந்து மூடியது. அது என் பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன்.

அடுத்த நிமிடம் அவர் என் அறைக் கதவை உடைத்து உள்ளே வந்தார்.

"எங்கடா ஒளிச்சி வச்சிகீறே?"

நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சுக் காலால் என் வலது கையை அடித்து நொறுக்கினார்.

மறுநாள் டீக்கடையில் அவரே என்னைப் பார்த்துப் பதறி எழுந்தார். "இன்னா நைனா, கட்டு இம்மாம் பெர்சா கீது? ரொம்ப வலிக்குதா?" டீயை ஆற்றி என் வாயருகே பிடித்தார். அவர் கண்களில் நிஜமான கவலை இருந்தது. நானும் குடித்தேன்.

படத்தில் அந்த ராஜாவுக்குக் கடைசிவரை பன்றித் தலைதான். பார்த்தவுடன் ஓடிவிடலாம்.