பச்சோந்தி தேறிக்கொண்டிருந்த நாட்கள்

பக்கத்து மனையை ஜேசிபி வழித்துக்கொண்டிருந்தது. நான்காவது மாடிச் சன்னலைத் திறந்தேன். டீசல் புகையைத் தள்ளிக்கொண்டு நசுங்கிய நொச்சி இலையின் வாசனை ஏறி வந்தது, கசப்பும் காரமுமாக. அம்பத்தூரில் இன்னும் நொச்சி மிச்சமிருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. சன்னலை மூடினேன். வாசனை உள்ளேயே நின்றுவிட்டது. அடுப்பை அணைத்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அதன் பிறகு அன்று ஒரு வேலையும் ஓடவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. அப்பாவுக்குப் பாடியில் லேத் பட்டறை வேலை. அம்மா ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போனாள். அங்கே வெட்டி விழும் துண்டுத் துணிகளை மூட்டை கட்டி எடுத்து வருவாள். எங்கள் வீட்டுக் கரித்துணி, கால்மிதி, தலையணைக்குள் அடைத்தது, எல்லாமே யாரோ வெள்ளைக்காரர்கள் போட்டுக்கொண்ட சட்டைகளின் மிச்சம்தான்.

மழைக்காலம் முடிந்த கையோடு சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. திருமழிசையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு பையோடு வந்தவள் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். உடம்பு சரியில்லை என்று எனக்குச் சொன்னார்கள். என்ன உடம்பு என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது அப்பாதான் பேச்சை எடுத்தார்.

"ஒடம்பு தேறட்டும். தேறினதும் கொண்டுபோய் உட்டுட்டு வந்துடலாம். கட்டிக்குடுத்த பொண்ண எத்தினி நாளு வெச்சிகினு இருக்க முடியும்?"

அம்மா அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தேறட்டும் என்ற பாதி மட்டும் என்னிடம் தங்கியது.

அந்த வாரமே தெருக்கோடியில் காலி மனையின் வேலியை வெட்டினார்கள். வெட்டிய முள்ளுக்கு நடுவில் ஒரு பச்சோந்தி, போக இடம் தெரியாமல், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. குச்சியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"அய்ய, அத்த ஏண்டி தூக்கினு வந்த?" என்றாள் அம்மா. பிறகு அவளே ஓர் அட்டைப்பெட்டியும் கொடுத்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். இன்று அதை வீட்டில் வைத்திருந்தால் குற்றம். அன்று எங்கள் தெருவில் அது ஒரு வேடிக்கை.

பச்சோந்தியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எதன் மேல் விட்டாலும் அந்த நிறமாகிவிடும். எங்கள் வீட்டில் இல்லாத நிறமா? மூட்டையை அவிழ்த்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினேன். தெருப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். சிவப்பில் விட்டோம், சிவக்கவில்லை. மஞ்சளில் விட்டோம். கட்டம் போட்ட துணியில்கூட விட்டுப் பார்த்தோம். கடைசியில் கறுப்புத் துணியில் வைத்தபோது கருத்துக் கிடந்தது. விலா உப்ப, வாயைப் பிளந்துகொண்டு. கை தட்டினோம். "பார்றீ, சிரிக்குது," என்றாள் எதிர்வீட்டுப் பெண். மூன்று நாள் அப்படிச் சிரிக்க வைத்தோம். அந்தத் துணியில் வைக்கும் முன்பே அது கருத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தது. வந்த பிள்ளைகளிடம், தூங்குது, அப்புறம் வாங்க என்றேன்.

"தூங்கல," என்று பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

சித்தி. வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எழுந்து வந்து பெட்டி பக்கத்தில் குந்தினாள்.

"கலரும் மாத்தல, ஒண்ணும் மாத்தல. பயந்துகினு கீது. கண்ணப் பாரு, குழி உழுந்து கெடக்குது. தண்ணி குடிச்சி எத்தினி நாளாச்சோ."

"கிண்ணத்துல வெச்சேனே சித்தி."

"கிண்ணத்த அது எங்க கண்டுச்சி? எல மேல சொட்டுனாதான் அதுக்குத் தண்ணின்னே தெரியும்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"எங்க ஊட்டாண்ட வேலில கெடக்கும். பாத்துகினே இருப்பேன். வேற இன்னா வேல எனக்கு."

குளியலறைச் சுவரை ஒட்டி ஒரு நொச்சிச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. காலை வெயில் அதன் மேல்தான் முதலில் விழும். பச்சோந்தியை அங்கே மாற்றினாள். பிடி தளர்ந்து இரண்டு தடவை நழுவியது. பால் கவரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஊசியால் ஒரு துளை போட்டு மேல் கிளையில் கட்டினாள். சொட்டு இலையில் விழுந்தது. இலையிலிருந்து இலைக்கு இறங்கியது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழிந்த கண்களில் ஒன்று மட்டும் திரும்பியது. வாய் அசைந்தது. சித்தி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். அது குடித்துக்கொண்டே இருந்தது, எங்களுக்குக் கால் மரத்துப்போகும்வரை.

அதன் பிறகு நான் வைத்தியர் ஆகிவிட்டேன். ஏரிக்கரையில் வெட்டுக்கிளி பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து வருவேன். நாக்கு குறி தவறாமல் நீள்கிறதா, பாதி வழியில் தொங்கிவிடுகிறதா என்று பார்ப்பேன். எச்சத்தைக் குச்சியால் கிளறுவேன். அதில் இருக்கும் வெள்ளை மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை, சுத்த வெள்ளையானால் சரி. ஒரு சாயங்காலம் அது வெளிறிப்போய்க் கிடக்க, செத்துவிட்டது என்று அலறினேன். சித்தி ஓடி வந்து பார்த்தாள். சிரித்தாள்.

"லூசு. தூங்கும்போது அப்டிதான் வெளுக்கும். பகல்ல வெளுத்தாதான் பயப்படணும்."

உள்ளே அம்மா ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு அம்மிச் சத்தம் சட்டென்று நின்றது.

சித்தி தலை வாரத் தொடங்கினாள். செடி பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஒருநாள் கவரைக் கட்டக் கை தூக்கியபோது ரவிக்கைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே வரிசையாக நான்கு இடம் கறுப்பாகக் கன்றிப்போயிருந்தது.

"இன்னா சித்தி?"

"பஸ்ல இடிச்சிகிச்சி."

நம்பினேன். கறுப்பிலிருந்து ஊதா, ஊதாவிலிருந்து பச்சை, பிறகு மஞ்சள் என்று அதுவும் நாளுக்கு நாள் நிறம் மாறியதை நான்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அழகாகக்கூட இருந்தது.

பச்சோந்தி வெற்றிலைப் பச்சைக்கு வந்திருந்தது. கண் உப்பி, பிடி இறுகி, கிளையைச் சுழற்றினாலும் விழவில்லை.

"தேறிடுச்சி சித்தி. ஏரிக்கரைல உட்டுடலாமா?"

"இன்னும் தேறல."

"கண்ணு நல்லா கீது. நேத்து நாலு வெட்டுக்கிளி துன்னுச்சி."

"தேறலன்றேன் இல்ல?" அவள் குரல் ஏறி அடங்கியது. "இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுமே. உனக்கு இன்னா பாரமா?"

அவளுக்கே இந்த விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். ஆப்பிளும் இரண்டு முழம் மல்லியும் வாங்கி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இன்னா கண்ணு, நல்லா படிக்கறியா?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. சித்தி அடுப்படிக்குள் இருந்தாள்.

"இன்னும் அவளுக்கு ஒடம்பு முழுசா சரியாவல," என்றாள் அம்மா.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "நீ சொல்லு. நீதான அதுங்கூடயே சுத்தினு கீற. சித்தி எப்டி கீது இப்ப?"

பெரியவர்கள் பேசும் இடத்தில் என்னை யாரும் அதற்கு முன் எதுவும் கேட்டதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பச்சோந்திக்குப் பார்த்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"நல்லா தேறிடுச்சிப்பா. மூணு வேளையும் துன்னுது. பகல்ல படுக்கறதே இல்ல. சிரிக்குது."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையாட்டிக்கொண்டார். அம்மா காய்ந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள். அவள் பின்னாலிருந்து சித்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

எதனால் தேறினாள் என்று யாரும் கேட்கவில்லை. சரியான கணக்கைச் சொன்ன பெருமையில், எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பச்சோந்தி இன்னும் ஒரு வாரம் அந்தச் செடியில் இருந்தது. ஒரு காலையில் இல்லை. சித்தியை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், அடுத்த ஆடி மாதம், திருமழிசையில். வாசலெல்லாம் கூட்டம். கழுத்துவரை போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். பட்டப்பகல். தூங்குகிறாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஆனால் நொச்சி வாசனைக்குள் இருப்பது அந்த நாள் இல்லை, சித்தப்பா வந்த ஞாயிற்றுக்கிழமைதான். நான்கு மணி வெயில். சித்தப்பா அவள் பையோடு தெருமுனைக்குப் போய் நின்று, நேரமாவுது என்று கூப்பிட்டார். சித்தி தலையில் அவர் வாங்கி வந்த மல்லி. செடியண்டை வந்து சும்மா நின்றாள். கிளையிலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது, இன்னொன்று என்னை. எப்ப சித்தி வருவ என்று கேட்டேன். அவள் என் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, கிளைக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள்.

"அத்தப் புடிச்சித் தூக்காத. கைய இப்டியே வெச்சிகினு நில்லு. அதுவா ஏறுனா ஏறட்டும்."