காற்றுக்கும் சேர்த்துக் கட்டணம்

பிரவுன் டேப்பை இழுத்தால் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்... அதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

கொரோனா ஓய்ந்த சமயம். கோட்டையூரில் நானும் அண்ணன் மனைவியும் முறுக்கு சுட்டு விற்க ஆரம்பித்திருந்தோம். பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு ஆச்சி, ஊருக்கு வந்தபோது எங்கள் முறுக்கைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கட்டுபடியாகிற விலைக்கு வந்து சேந்துச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையை நம்பி மதினி ஸ்கூல் வேலையையே விட்டுவிட்டார். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

முதல் பார்சல்... கல்யாணச் சீர் அனுப்புகிற மாதிரி பெரிய பெட்டி. ஒன்றுகூட உடையக் கூடாது என்று சுற்றிலும் பேப்பரைக் கசக்கித் திணித்தோம். வீட்டிலேயே எடை போட்டு, அதை வைத்து ஆச்சிக்கு விலையும் சொல்லியாகிவிட்டது.

காரைக்குடி கொரியர் ஆபீசில் இருந்த பையன் தராசுப் பக்கமே திரும்பவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்துப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் பார்த்தான்.

"எடையப் போடுங்க தம்பி. பொட்டிய எதுக்கு அளக்குறீக?"

"பிளேன்ல இடத்த அடைக்குதுல்லக்கா. லேசான சரக்குக்கு அளவுக்குத்தேன் சார்ஜ்."

"உள்ள பாதி வெறும் காத்துப்பா."

"காத்துக்கும் சேத்துத்தேன்."

மதினி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்டி, நம்ம முறுக்கா ஏத்துமதி பண்றோம், கோட்டையூர்க் காத்தையா?"

முறுக்கு விலையை விட அனுப்புகிற கூலி அதிகம். ஒருதரம் கைநட்டத்தில் அனுப்பினோம். அடுத்த தரம் பேப்பரெல்லாம் எடுத்துவிட்டு, சின்னப் பெட்டியில் அமுக்கி அடைத்தோம். ஆச்சி போனில் கூப்பிட்டார். "ருசியில ஒண்ணும் குறையில்ல ஆத்தா. தூளா வந்துருக்கே, நான் எப்படி விக்கிறது?"

கப்பலில் போட்டால் மலிவு என்று ஒரு புண்ணியவான் சொன்னார். தூத்துக்குடி வரை லாரி வாடகை, அங்கே கண்டெய்னர் நிறைகிற வரை காத்திருப்பு, அதற்கொரு சார்ஜ், இதற்கொரு சார்ஜ்... போய்ச் சேருவதற்குள் எண்ணெய் காறிப்போய்விட்டது.

கடைசியில் ஆச்சி சொல்லிவிட்டார். "கோவிச்சுக்கிடாதீக. அங்குட்டு இருந்து வார செலவுக்கு இங்கனயே ஆள வச்சு சுட்டுருவேன்."

இப்போது மதினி பழையபடி ஸ்கூலுக்குப் போகிறார். நான் கல்யாண ஆர்டர் மட்டும் எடுக்கிறேன். டிவியில் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து லாஜிஸ்டிக்ஸ் செலவு, துறைமுகம், ஏற்றுமதி என்று பேசினால் சேனலை மாற்றிவிடுவேன். எங்கள் பெட்டிக்குள் இருந்த காற்றை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்களோ.

போன பொங்கலுக்கு மலேசியாவில் வேலை பார்க்கும் மதினி மகள் வந்தாள். எங்களுக்கென்று ஆசையாக வாங்கி வந்த பாக்கெட்டை நீட்டினாள். 'அசல் காரைக்குடி முறுக்கு'. ஆச்சி கடைச் சரக்கு. ஒன்றுகூட உடையவில்லை.

மதினி ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நம்ம பக்குவமேதான்" என்றார்.

இருக்காதா பின்னே... ஆச்சி கேட்டார் என்று மாவு அரைப்பதிலிருந்து வெண்ணெய் போடுவது வரை வாட்ஸ்அப் காலில் சொல்லிக் கொடுத்தது மதினிதானே. அதை அனுப்ப மட்டும் எங்களுக்கு ஒரு பைசா செலவாகவில்லை.