ஊந்தோ விலைக்கு வாங்கிய விறகு

ஹிர்விவாரா என்ற வடதேசத்துக் கிராமத்துப் பக்கம் ஊந்தோ கெம்பைனனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். முப்பத்து நான்கு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியும் ஒரு தபால்பெட்டியைக்கூட இடித்துச் சாய்க்காதவர் என்பது ஒன்று. அவர் அடுக்கும் விறகு இன்னொன்று. சொந்தக் காட்டில் தானே வெட்டி, தானே அறுத்து, தானே பிளந்து, நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து அடுக்குவார். ஒரு கோடையில் அந்த வழியாகப் போன ஜெர்மன்காரக் குடும்பம் ஒன்று காரை நிறுத்தி, அந்த அடுக்கின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஊந்தோ ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். அன்று பொழுது சாயும்வரை அவர் விசிலடித்துக்கொண்டே இருந்ததாக மனைவி இர்மேலி ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்தெட்டாவது வயதில் வலது தோளில் அறுவை சிகிச்சை ஆனது. ஒரு வருடம் கோடரியைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். பனி உருகியதும் பிளந்து அடுக்கினால்தான் விறகு கோடையில் காயும். காயாத பிர்ச் மர விறகு குளிர்காலத்தில் புகையத்தான் செய்யும்.

"வாங்கிடலாம்" என்றார் இர்மேலி.

ஊந்தோ இரண்டு நாள் பழைய அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், அறுபது கிலோமீட்டர் தள்ளி, ஊரில் யாருக்கும் பழக்கமிருக்காது என்று அவர் நம்பிய ஒரு வியாபாரியைக் கண்டுபிடித்து, இர்மேலியின் பிறந்த வீட்டுப் பெயரில் ஒரு முழு லோடு சொன்னார். பதினைந்து கன மீட்டர்.

அவர் பயந்தது ஊருக்குக்கூட இல்லை, எதிர்வீட்டு அய்மோவுக்கு. பதினொரு வருடத்துக்கு முன்னால், தீயணைப்புச் சங்கத்துக் காபிக் கூட்டத்தில் இருவருக்கும் தகராறு. பட்டை மேலே பார்க்க அடுக்கினால் மழைத்தண்ணீர் வழிந்து ஓடிவிடும் என்பது ஊந்தோவின் கட்சி. பட்டை கீழே இருந்தால்தான் ஈரம் மேலே போகும் என்பது அய்மோவின் கட்சி. வாக்குவாதம் முற்றி, "உன் விறகு எரிக்கறதுக்கு இல்ல, பார்க்கறதுக்கு" என்றார் அய்மோ. ஊந்தோ காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். அதன்பின் ஒரு வார்த்தை கிடையாது.

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் இர்மேலி காரை எடுத்துக்கொண்டு நகரத்து நீச்சல் குளத்துக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு டிப்பர் லாரியின் சத்தம் கேட்டது. 'கொட்டகை ஓரமாகக் கொட்டவும்' என்று எழுதி ஊந்தோ ஏற்கெனவே விறகுக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். லாரி முற்றத்தில் திரும்பியபோது, விறகு வாங்கும் மனிதனாக நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கொட்டகையின் கோடியில், அதே கூரையின் கீழ் பழைய கக்கூஸ் இருந்தது. உள்ளே போய்க் கொக்கியைப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல யாரும் இல்லியா?" என்று ஓட்டுநர் இரண்டு தடவை கேட்டான். பிறகு லாரி பின்னால் வந்தது. கதவில் இதய வடிவில் வெட்டிய ஓட்டை வழியாக ஊந்தோ பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முற்றம் தெரிந்தது. அடுத்து லாரியின் பின்பக்கம் தெரிந்தது. அதன்பின் அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அப்போதாவது குரல் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் வெளியே போக வேண்டும். போனால், இவ்வளவு நேரம் ஏன் பதில் சொல்லவில்லை என்று விளக்க வேண்டும். என்ன சொல்வது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பதினைந்து கன மீட்டரும் இறங்கிவிட்டது. கக்கூஸ் குலுங்கியது. காகிதச் சுருள் ஆணியிலிருந்து கழன்று குழிக்குள் விழுந்தது.

லாரி போனதும் கதவைத் தள்ளிப் பார்த்தார். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை விறகு குவிந்து கிடந்ததால் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கைபேசி சமையலறை மேசையில் இருந்தது. ஊந்தோ மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு அய்மோ வந்து சேர்ந்தபோது பத்தரை இருக்கும். விறகு மலையைச் சுற்றி வந்தார், ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார், வீட்டைப் பார்த்தார். தோள் போன ஊந்தோ உள்ளே படுத்திருப்பார், பாவம் இர்மேலி எப்படி இதையெல்லாம் ஒற்றை ஆளாக அடுக்குவார் என்று நினைத்தாராம். கையுறையை மாட்டிக்கொண்டு அடுக்க ஆரம்பித்தார்.

ஊந்தோ ஓட்டை வழியாகப் பார்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாத் துண்டிலும் பட்டை கீழே இருந்தது. ஒரு வரிசையைப் பொறுத்தார், இரண்டாவதையும் பொறுத்தார். மூன்றாவது வரிசையில் முடியவில்லை.

"பட்டை மேல இருக்கணும்."

அய்மோ கையிலிருந்த துண்டை வைத்து, நேர்படுத்திவிட்டுத்தான் திரும்பினார்.

"ஊந்தோவா?"

"ஆமா."

"உள்ளயா இருக்க?"

"உள்ளதான்."

"வயிறு சரியில்லையா?"

"வயித்துக்கு ஒண்ணுமில்ல. லாரி வந்ததுலேர்ந்து இருக்கேன்."

அய்மோ கதவையும் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். "கதவு முன்னாடி இருக்கிறத வாரி அந்தப் பக்கம் வீசலாம். பத்து நிமிஷ வேலை" என்றார்.

"வீசினா அப்புறம் மறுபடி எடுக்கணும்."

"எடுக்கணும்தான்."

"விறகை ரெண்டு தடவை தொடறது முட்டாள்தனம்."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றார் அய்மோ.

பதினொரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆகவே ஊந்தோ உள்ளேயே இருப்பது, அய்மோ ஓரத்திலிருந்து முறையாக அடுக்கிக்கொண்டே வருவது, கதவு எப்போது திறக்குமோ அப்போது திறக்கட்டும் என்று முடிவானது. பட்டை விஷயத்தில் மட்டும் முடிவு வரவில்லை.

"நாளைக்கே நான் பிரிச்சு அடுக்குவேன்."

"வெளிய வந்து பிரி."

பன்னிரண்டு மணிக்கு அய்மோ வீட்டுக்குப் போய்க் காபியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கொண்டுவந்தார். கோப்பை ஓட்டையில் நுழையவில்லை. விறகின்மேல் ஏறி ரொட்டியை மடித்து நுழைத்தார். வெண்ணெய் முழுவதும் கதவோடு போயிற்று. ஊந்தோ ரொட்டியைத் தின்றார். பிறகு அய்மோ ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இந்தத் தடவை நல்லாப் பிளந்திருக்கான். போன வருஷம் இவ்வளவு நேரா இல்ல" என்றார்.

ஊந்தோ ஓட்டைக்குக் கண்ணைக் கொண்டுவந்தார்.

"போன வருஷம்னா?"

அய்மோ அடுத்த துண்டை எடுத்தார். "லாரியப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. நாலு வருஷமா நான் இவன்கிட்டதான் வாங்கறேன். என் தங்கச்சி பேர்ல."

"லாரிய நான் பார்த்ததே இல்லயே."

"நீ ஊர்ல இல்லாத நாளாப் பார்த்துச் சொல்லுவேன். உங்க ரெண்டு பேரோட டாக்டர் தேதியெல்லாம் எனக்கு மனப்பாடம்."

"ஏன், முதுகு போச்சா?"

"முழங்கால்."

ஊந்தோ நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார். நான்கு வருடமாக எதிர்வீட்டு அடுக்கைத் திருட்டுத்தனமாக எண்ணிப் பார்த்து, இந்த வயதிலும் இவன் இவ்வளவு பிளக்கிறானே என்று வயிறெரிந்து, அதற்குப் போட்டியாகக் கோடரி வீசித்தான் அந்தத் தோளே போயிருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார். சிரிப்புதான் வந்தது. கக்கூஸுக்குள் ஒற்றை ஆள் சிரிக்கும் சத்தம் வெளியே எப்படிக் கேட்டதோ, அய்மோ அடுக்குவதை நிறுத்தி, "மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.

இரண்டு மணிக்கு இர்மேலி ஈரத் தலையோடு வந்து இறங்கினார். முற்றத்தில் அய்மோவைப் பார்த்ததே அவருக்கு ஆச்சரியம்.

"ஊந்தோ எங்க?"

"கக்கூஸ்ல."

"அங்க என்ன பண்றாரு?"

"மேற்பார்வை" என்றார் அய்மோ.

இர்மேலிக்கு விஷயம் புரிந்தது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, கதவு முன்னால் இருந்த விறகை இரண்டு கையாலும் வாரிப் பின்னால் வீச ஆரம்பித்தார்.

"வீசினா விறகை ரெண்டு தடவை தொட வேண்டியிருக்கும் இர்மேலி" என்றார் அய்மோ.

"நாங்க ஏற்கெனவே பேசி வச்சிட்டோம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாலு மணி நேரமாவா பேசினீங்க?" என்றார் இர்மேலி, வீசுவதை நிறுத்தாமல்.

எட்டாவது நிமிடம் கதவு திறந்தது. கால் மரத்துப்போய் ஊந்தோ நொண்டிக்கொண்டு வந்தார். இர்மேலியைத் தாண்டி, நேராக அடுக்கிடம் போய்க் குனிந்து பார்த்தார். "இடது பக்கம் ரெண்டு விரல் இறங்கியிருக்கு" என்றார். அய்மோவும் குனிந்து பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

மிச்சத்தை அடுக்க மேலும் மூன்று நாள் ஆனது. ஊந்தோ இடது கையால் எடுத்துக் கொடுத்தார், அய்மோ வைத்தார். பட்டை மேலே பார்த்ததாக ஒன்று, கீழே பார்த்ததாக ஒன்று என்று இரண்டு அடுக்கு எழுந்தது. நடுவில் ஒரு ஆள் நடக்க வழி விட்டிருந்தார்கள். அதில் நின்று பேசிக்கொண்டிருந்தால் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை ஊந்தோ கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, "இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பின்னால் நின்றிருந்த இருவர் கூரையைப் பார்த்தார்கள். கக்கூஸ் கதை தனக்கு முன்னால் கடைக்கு வந்துவிட்டது ஊந்தோவுக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வருஷம் விறகை வெளியதான் வாங்கினேன்" என்று மூன்று பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "நல்ல விறகு. வேணும்னா நம்பர் தர்றேன்."

கூரையைப் பார்த்தவர்களில் ஒருவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.