பலூன் கடைத் துப்பாக்கி

மாமா சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது. அம்மாவின் அண்ணன், ஆயுதப்படைப் போலீஸ், தாத்தா போன பிறகு குடும்பத்துக்கே பெரியவர். தென்காசியிலிருந்து எங்களையெல்லாம் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன அந்தச் சாரல் நாளிலும் சிரித்தபடிதான் இருந்தார்.

சித்தி மட்டும் உம்மென்று வந்தாள். கல்லூரி என்.சி.சி.யில் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கி சுடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. டெல்லி முகாமுக்குத் தேர்வாகியிருந்தாள். அதே சமயத்தில் வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வரனும் வந்திருந்தது. மாமா வரன் பக்கம்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பினால் வழியில் பலூன் சுடும் கடை. மாமா ஏர்கன்னை வாங்கினார். முதல் குண்டு எங்கோ போனது. துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு வரிசையாக நாலைந்து பலூன்களை உடைத்தார். அப்படியே சித்தியிடம் நீட்டினார்.

“ஏட்டி, ஒரே குண்டு. அந்தச் செவப்பு பலூன ஒடச்சிட்டா டெல்லிக்குப் போ. தப்பிச்சுன்னா ஆவணியில கல்யாணம். என்ன சொல்லுதே?”

சித்தியின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அவள் கட்டையைத் தோளில் பொருத்தி நின்ற நிலையைப் பார்த்துக் கடைக்காரரே வாயைப் பிளந்தார். குறி பார்த்துக்கொண்டே விசையில் விரலை வைத்தாள். டப்பென்று குண்டு போய்விட்டது. பலூன் அசையக்கூட இல்லை.

“அண்ணே, இது எங்கனயும் நிக்கலயே! இன்னொண்ணு தாங்கண்ணே.”

“துப்பாக்கியக் குத்தம் சொல்லாத. சுட்டது நீதான்.”

எல்லோரும் சிரித்தோம். தோற்றுப்போய்ச் சமாளிக்கிறாள் என்றே நானும் நினைத்தேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது. அன்றைக்கு அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

வளர்ந்து நானும் போலீஸில் சேர்ந்தேன். பயிற்சியில் அதே பழைய த்ரீ நாட் த்ரீயைக் கையில் கொடுத்தார்கள். அதன் விசையை இழுத்ததும் வெடிக்காது. கொஞ்ச தூரம் இலேசாக வந்து ஓரிடத்தில் தட்டி நிற்கும். அங்கே மூச்சைப் பிடித்து, குறியைச் சரிசெய்து, இன்னும் சற்று அழுத்தினால்தான் குண்டு போகும். அதில் பழகிய விரல், குறி பார்க்கும்போதே அந்த முதல் இழுப்பைத் தானாக இழுத்துவிடும். ஏர்கன்னில் அப்படி நிற்கிற இடமே கிடையாது. சித்தி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். பாவிகள், சிரித்தோமே என்று மைதானத்திலேயே எனக்கு அழுகை வந்தது.

மாமாவின் விரலும் த்ரீ நாட் த்ரீயில் பழகியதுதான். அன்று அவருடைய முதல் குண்டும் எங்கோதான் போனது. அதற்குப் பிறகுதான் அவர் பந்தயம் கட்டினார்.